எட்டு மணி மாத்திரை

மும்பை செம்பூரில் ரயில் பாதையை ஒட்டியிருக்கும் அந்த ஒன்றரை அறை வீட்டில், காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. செல்போனில் அலாரம் அடிக்கும். யாராவது டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். மகள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுப்பாள். ஒரு காலத்தில் தீபாவளி முறுக்கு வைத்த டப்பா அது. இப்போது அதில் இருப்பவை மாத்திரைகள். அப்பா விழுங்கி முடித்து, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் டிவி பழைய சத்தத்துக்குத் திரும்பும்.

கவிழ்த்துக் காட்டும் பழக்கம் 2021-ல் வந்தது. அதற்கு முன் அந்த வீட்டில் அவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அவருக்கு வயது 48. வாஷி மார்க்கெட் அருகே ஒரு லாரி சர்வீஸ் அலுவலகத்தில் புக்கிங் கிளார்க். அப்பா காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறி வந்த குடும்பம். அவருடைய வலது அடிவயிற்றில், இடுப்பு எலும்புக்கு மேலே, கையை வைத்தால் தட்டுப்படும் இடத்தில் ஒரு சிறுநீரகம் இருக்கிறது. அது அவருடைய அக்காவுடையது. 2018 நவம்பரில் வைத்தார்கள். அவருடைய சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போய் முதுகுப்பக்கம் அதனதன் இடத்திலேயே கிடக்கின்றன. பெரும்பாலும் பழையதை எடுப்பதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. அவருக்கும் அதுவரை தெரியாது.

நோய் தெரிந்தது 2016-ல். காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருந்தது. கொசுக்கடி என்று நினைத்தார். லாரி ஆபீசில் தலை சுற்றி உட்கார்ந்தபோது பார்த்த ரத்த அழுத்தம் 210. கிரியேட்டினின் 7-ஐத் தாண்டியிருந்தது. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய கணக்கு அது. சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும் சத்தம் போடாமல் சிறுநீரகத்தைத் தின்பவை. வலி வந்திருந்தால் டாக்டரிடம் போயிருப்பார். வலியே இல்லை.

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மூன்று நாள் செய்வது நல்லது என்றார்கள். காசுக்கு இரண்டு நாள்தான் கட்டுப்படியானது. செவ்வாயும் சனியும் போய், நான்கு மணி நேரம் படுத்து, வடித்த சோறு போல வீடு திரும்புவார். ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்ற தண்ணீர் முக்கால் லிட்டர். மும்பையின் மே மாதத்தில் முக்கால் லிட்டர் என்றால் என்ன என்பது நாக்கு ஒட்டிக்கொண்டவருக்குத்தான் தெரியும். ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

மாற்று சிறுநீரகம் என்ற பேச்சு வந்ததும் முதலில் முன்வந்தவர் மனைவி. அவருடைய ரத்தம் பி வகை, இவருடையது ஓ. ரத்த வகை மாறியிருந்தாலும் மாற்று செய்யும் முறை இன்று இருக்கிறது. ஆனால் அதற்கான செலவு இந்த வீட்டுக்கு எட்டாது. அம்மாவுக்குச் சர்க்கரை. தம்பி புனேயில் இருந்தார். அவருக்கு அப்போதுதான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்றார். யாரும் அவரை மறுபடி கேட்கவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்காகப் பெயர் பதிந்தார்கள். ஓ வகைக்கு வரிசை நீளம் என்று பதிந்தவரே சொல்லிவிட்டார்.

டோம்பிவிலியில் இருந்த அக்காவை யாரும் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண், அடுத்த வீட்டுச் சொத்து. அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு லேப் சீட்டை எடுத்துக் கட்டிலில் போட்டார். தனக்கும் ஓ வகைதான் என்று அதில் இருந்தது. தெருமுனை லேபில் 100 ரூபாய் கொடுத்து எடுத்திருந்தார். கூட வந்த அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் அவர். அதிகம் பேசமாட்டார். "அவ முடிவு பண்ணிட்டா மாப்ளே. நான் என்ன சொல்ல?" என்றதோடு சரி.

அதன் பின் நடந்ததுதான் வேடிக்கை. அக்கா அக்காதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் இந்தியாவில் ஒரு காலத்தில் பகிரங்கமாகவே நடந்தது. சென்னையில் வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு நடந்தது. அதைத் தடுக்க வந்தது 1994-ன் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். 1995 பிப்ரவரியில் அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் நெருங்கிய உறவு. தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் 2011 திருத்தத்தில் சேர்ந்தார்கள். மற்றவர் கொடுப்பதானால் தனிக் குழுவின் அனுமதி வேண்டும். நெருங்கிய உறவானாலும் அது உண்மையான உறவு என்பதற்குக் காகிதம் வேண்டும்.

நியாயமான சட்டம். ஆனால் தமிழனின் இனிஷியலை அந்தச் சட்டம் நினைத்துப் பார்க்கவில்லை. மும்பைப் பள்ளிக்கூடத்தில் இவருக்கு அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக எழுதியிருந்தார்கள், அதுவும் மராத்தி உச்சரிப்பில். அக்கா ஊரில் பாட்டியிடம் வளர்ந்து எட்டாவது வரை படித்தவர். அவருடைய பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். ஆதார் அட்டையில் அத்தானின் பெயர். ரேஷன் கார்டில் மூன்றாவது விதமான எழுத்து. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் காகிதத்தில் பொதுவாக ஒரு எழுத்துக்கூட இல்லை. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோனார்கள். அதில் 12 வயதுப் பையன் ஒருவன் மணப்பெண் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறான். "யார் இது?" என்று அதிகாரி கேட்டார். "இந்தப் பயதான்" என்றார் அக்கா, தமிழிலேயே. விசாரணையைப் பதிவு செய்த வீடியோவில் அந்தத் தமிழும் இருக்கும். கடைசியில் திசுப் பொருத்தப் பரிசோதனைதான் உடன்பிறப்பு என்பதற்கு வலு சேர்த்தது. ஆறில் ஐந்து பொருந்தியிருந்தது.

அறுவைக்கும், அதற்கு முன் இருவருக்கும் நடந்த சோதனைகளுக்கும் சேர்த்து ரூ. 5.75 லட்சம் ஆனது. இந்தப் பணம் எப்படியோ புரண்டுவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தில் ரூ. 2.5 லட்சம் வந்தது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு எழுதிப்போட்டதில் கொஞ்சம். ஒரு கோயில் அறக்கட்டளை கொஞ்சம். அக்காவின் இரட்டை வடச் சங்கிலி. தமிழ்ச் சங்கத்தில் ஒரு நாள் வசூல். லாரி டிரைவர்கள் தலைக்கு 200. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டால் நம் ஜனங்களுக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. அது ஒரு நாள் நடக்கும் காரியம். பிழைத்தாரா என்று மறுநாள் கேட்கலாம். பிழைத்தார் என்றால் சந்தோஷப்பட்டு மறந்துவிடலாம்.

மறக்க முடியாத செலவு அதற்கு அடுத்த நாள்தான் தொடங்குகிறது.

உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. ஜோசப் மரே என்ற டாக்டர் செய்தார். 1990-ல் நோபல் பரிசு பெற்றார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். அதனால் மருந்தே தேவைப்படவில்லை. மற்ற எல்லோருக்கும், ஆறில் ஐந்து பொருந்திய அக்கா தம்பிக்கும்கூட, உடம்பு அந்நிய உறுப்பைக் கண்டுபிடித்துவிடும். கிருமியைக் கொல்வது போலவே அதையும் கொல்லப் பார்க்கும். அந்த எதிர்ப்பு சக்தியை முழுக்க அடக்கினால் சளி பிடித்தே ஆள் சாகலாம். போதாமல் அடக்கினால் உறுப்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழையில் ஆயுள் முழுக்க நிற்க வேண்டும். அதற்குத்தான் எட்டு மணி மாத்திரை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது கையில் இருந்தவை அசத்தியோப்ரினும் ஸ்டீராய்டும்தான். பிறகு சைக்ளோஸ்போரின் வந்தது, நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து. 1984-ல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸ். இந்தக் குடும்பம் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவது அந்த ஜப்பான் மண்ணின் சரக்கைத்தான், இந்தியக் கம்பெனிகள் தயாரித்ததை. கூடவே மைக்கோபினோலேட், கொஞ்சம் பிரெட்னிசோலோன். 1990-களில் சைக்ளோஸ்போரின் விலைக்கு நிலத்தை விற்றவர்கள் உண்டு. அந்த நாளில் டாக்டர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மாத்திரையையோ, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையையோ சேர்த்துக் கொடுத்தால், ஈரல் சைக்ளோஸ்போரினைச் சீக்கிரம் கரைக்காது, குறைந்த அளவே போதும், செலவும் இறங்கும். பக்கவிளைவைச் சிக்கனமாக மாற்றிய கெட்டிக்காரத்தனம் அது. இதே காரணத்தால்தான் இவர் வீட்டில் பம்பளிமாஸ் பழம் நுழைவதில்லை. அந்த இனத்துப் பழங்கள் மருந்தின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும்.

முதல் மூன்று மாதம், வைரஸ் தடுப்பு மாத்திரையும் சேர்ந்ததில், மாதம் ரூ. 22,000 ஆனது. அதன் பின் அளவு குறைந்து ரூ. 12,000, இரண்டாம் ஆண்டில் ரூ. 9,000. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் சோதனைக்குத் தனியாக ரூ. 2,000. அவருடைய சம்பளம் 21,000. பிரின்சஸ் தெருவில் மொத்த விலைக் கடைகளில் வாங்கினால் செம்பூர் விலையைவிடக் கொஞ்சம் குறையும் என்று கண்டுபிடித்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை மசூதி பந்தர் ஸ்டேஷனில் இறங்கி நடப்பார். வேறு கம்பெனி மாத்திரை இன்னும் மலிவு என்று கடைக்காரர் நீட்டுவார். வாங்க முடியாது. கம்பெனி மாறினால் மருந்தளவு மாறலாம், மறுபடி சோதனை, அதற்கு 2,000.

உதவி இல்லையா என்றால், இருக்கிறது. தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்துக்காக மாதம் ரூ. 10,000 வரை தர வழி செய்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் மஞ்சள் ரேஷன் கார்டு என்றால் வறுமைக் கோட்டுக்குக் கீழே. இவருடையது காவி நிறக் கார்டு. கோட்டுக்குச் சற்று மேலே. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் மாற்று சிறுநீரகம் பெற்றவர்களுக்கு மாத்திரை இலவசம் என்று ஊரிலிருந்து போன் வரும். "பேசாம இங்க வந்துருங்க" என்பார்கள். ஊரில் இவருக்கு இருப்பது ஒரு குலதெய்வக் கோயிலும் அதற்குக் கட்ட வேண்டிய வரியும்தான். மூன்று தலைமுறையாக மும்பைக்காரன்; மும்பையின் காகிதத்தில் மதராஸி; மதராஸின் காகிதத்தில் ஆளே இல்லை. பணக்கார நாடுகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில்கூட, வயதானவர் அல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கு அரசுக் காப்பீடு 36 மாதத்தோடு மாத்திரைச் செலவைக் கைவிட்டுவந்தது. அதை மாற்றியதே 2023-ல்தான்.

மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பெஞ்சில் வேறொரு பொருளாதாரம் நடக்கிறது. யாருக்காவது அளவு குறைந்தால் மிச்ச அட்டை பக்கத்து ஆளுக்குப் போகும். ஒரு நாள் உல்லாஸ்நகரிலிருந்து ஒரு பெண் வந்தார். காசநோய் வந்து கணவர் இறந்து 16 நாள். மாற்று செய்தவர்களுக்குக் காசநோய் வருவது நம் நாட்டில் அபூர்வமில்லை. அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் இந்த மாத்திரைகளை உடம்புக்குள்ளேயே தின்றுவிடும். பல மடங்கு மாத்திரை போட்டால்தான் பழைய அளவு நிற்கும். அந்தப் பெண்ணின் துணிப்பையில் உடைக்காத நான்கு அட்டைகள் இருந்தன. யாருக்கு என்று தெரியாமல் பெஞ்சைச் சுற்றிப் பார்த்தார். இவருடைய கம்பெனி மாத்திரையாகவே இருந்தது. வாங்கிக்கொண்டார். அந்த மாதம் 1,800 ரூபாய் மிச்சம். அன்று இரவு சாப்பிடவில்லை என்கிறார் மனைவி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. லோக்கல் ரயில் நின்றது. பிரின்சஸ் தெரு போக வழியில்லை. சயானில் இருக்கும் சித்தப்பா மகன், மருத்துவமனைச் சீட்டைப் போலீசிடம் காட்டிக்கொண்டே பைக்கில் போய் வாங்கிவந்தார். நோய் எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கும் ஆள் கொரோனா காலத்தில் வெளியே போகக் கூடாது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். முதலாளி நல்லவர், பாதிச் சம்பளம் கொடுத்தார். ஆனால் அடுத்த வருஷமும் முழுச் சம்பளம் திரும்பவில்லை.

2021-ல் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். ஏன் நர்சிங் என்று யாரும் கேட்கவில்லை. முதல் தவணை ரூ. 60,000.

அப்போதுதான் அவர் அந்தக் கணக்கைப் போட்டார். இரவு மைக்கோபினோலேட்டைப் பாதியாக்கினார். ஒரு மாதம் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சிறுநீர் போயிற்று, பசி எடுத்தது, தூக்கம் வந்தது. அடுத்த மாதம் டாக்ரோலிமஸில் கை வைத்தார். மாதம் 3,000 மிஞ்சியது. ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட்டார், ஊரடங்கைக் காரணம் சொல்லி. இப்படி ஏழு மாதம். வீட்டில் யாருக்கும் தெரியாது. அலாரம் அடித்தது, டப்பா வந்தது, தண்ணீர் குடித்தார். உள்ளங்கையில் இருந்தது எத்தனை மாத்திரை என்று யார் எண்ணுவார்கள்?

இந்தத் தவறை அவர் மட்டும் செய்யவில்லை. நாட்டில் 2013-ல் நடந்த உறுப்பு மாற்றுகள் 5 ஆயிரத்தை எட்டவில்லை. 2023-ல் 18 ஆயிரத்தைத் தாண்டின. பெருமையான எண்கள். அந்த 18 ஆயிரம் பேரில் எத்தனை பேர் ஐந்தாம் வருஷம் மாத்திரையை முழுதாக விழுங்குகிறார்கள் என்பதைத்தான் சேர்த்து எண்ண வேண்டும். உறுப்பை உடம்பு தள்ளத் தொடங்கும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. ரத்தத்தில்தான் தெரியும். பார்த்தபோது கிரியேட்டினின் 1.2-லிருந்து 2.3 ஆகியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. "எத்தனை நாளாகக் குறைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கேள்வியைப் பலரிடம் கேட்டுப் பழகியவர். ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, மூன்று நாள் நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றி, ஒரு வாரம் படுக்கையில் வைத்தார்கள். செலவு ரூ. 70,000. ஏழு மாதத்தில் சேர்த்தது ரூ. 21,000.

அக்கா டோம்பிவிலியிலிருந்து குர்லாவில் ரயில் மாறி வந்தார். வார்டில் எதுவும் பேசவில்லை. மனைவி காபி வாங்கப் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏலே, எத்தனை மாசமா?"

"ஏழு மாசம்க்கா."

"அது உன் கிட்னின்னு உனக்கு யாருலே சொன்னா? என்னைக் கேக்காம அதைப் பட்டினி போட்டிருக்க."

அவர் சுவரைப் பார்த்தார். "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்லாக்கா. உன்கிட்ட இன்னும் எத்தனைதான் கேக்க?"

"கிட்னியை வாங்கிக்கிடக் கூச்சமில்லை. மூவாயிரம் ரூவா கேக்கக் கூச்சமோ?"

பக்கத்துக் கட்டில் மராத்திக்காரர் மொழி புரியாமலே திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கூச்சம்தான். வேறொன்றும் இல்லை. உயிரைக் கொடுத்தவரிடம் 500 ரூபாய் கேட்பதற்கு நாக்கு எழாத வர்க்கம் இது. சிறுநீரகத்தைப் பாசம் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மாத்திரைக் காசு என்றால் அது கடன். அன்று அக்கா தம்பியைத் திட்டிவிட்டு, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை அத்தான் மட்டும்தான் பார்த்தார். பிறகு அந்தப் பேசாத மனிதர்தான் ஒரு காரியம் செய்தார். வீட்டில் தொங்கிய தினசரி காலண்டரின் அட்டையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் 12 மாதப் பெயர்களை எழுதினார். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே ஒரு பெயர். ஜனவரி, தான். பிப்ரவரி, சயான் சித்தப்பா மகன். மார்ச், குவைத்தில் இருக்கும் மாமா மகன். வருஷத்துக்கு ஒரு மாதம், ஒரு ஆள் மாத்திரைச் செலவில் பாதியை, ரூ. 4,500-ஐ ஏற்க வேண்டும். பணமாகக் கையில் கொடுக்கக் கூடாது; மருந்துக் கடைக் கணக்கில் போட வேண்டும். பணமாகக் கொடுத்தால் மாப்பிள்ளை அதை ஃபீசாக மாற்றிவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஃபீசுக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கலாம், மாத்திரைக்கு எந்த வங்கி தரும் என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இது அப்படியே தடங்கலின்றி ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதினால் பொய். புனே தம்பியின் பெயர் ஜூலைக்கு நேரே இருந்தது. முதல் வருஷம் போட்டார். இரண்டாம் வருஷம் அவர் மனைவி போன் செய்து, "எங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றார். அதில் தப்பு ஏதும் இல்லை. ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு ஒரு பொங்கல், ஒரு தீபாவளி, இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. ஜூலையை இவர் மனைவி எடுத்துக்கொண்டார். புடவைக்கு ஃபால்ஸ் தைத்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கிடைக்கும். எத்தனை புடவை தைத்தால் ஒரு அட்டை மாத்திரை என்பது அவருக்கு மனப்பாடம். குவைத் மாமா மகன் ஒருமுறை மறந்துபோனார். நினைவூட்ட யாருக்கும் வாய் வரவில்லை. அந்த மார்ச்சில் அத்தான் இரண்டு முறை கட்டினார்.

கிரியேட்டினின் 1.2-க்குத் திரும்பவில்லை. 1.6-ல் நிற்கிறது. அந்த ஏழு மாதத்தின் விலை அது. வட்டி எவ்வளவு என்பது போகப் போகத்தான் தெரியும்.

2024-ல் ஒரு நாள் மகள், அப்போது நர்சிங் மூன்றாம் ஆண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அத்தைக்குக் கடைசியா எப்ப செக்கப் பண்ணினோம்?"

யாருக்கும் தெரியவில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2018-ல் டாக்டர் சொல்லியிருந்தார். 2019-ல் ஒருமுறை பார்த்தார்கள். பிறகு கொரோனா, பிறகு தம்பியின் உடம்பு, பிறகு காலண்டர் அட்டை. வாங்கியவரின் ரத்தத்தை மாதாமாதம் அளந்த குடும்பம், கொடுத்தவரை ஐந்து வருஷமாக அளக்கவில்லை. கொடுத்த மூன்றாவது வாரமே அக்கா மறுபடி இட்லி மாவு அரைக்கத் தொடங்கியிருந்தார். அதுதான் அவர் தொழில்; டோம்பிவிலியில் 40 வீட்டுக்கு மாவு கொடுக்கிறார். உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் சிறப்பு விடுப்பு என்று 2023-ல் உத்தரவு வந்தது. கிரைண்டருக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த உறுப்பு மாற்றுகள் 36,640. அதில் 29 ஆயிரத்துக்கும் மேல் ஆண்களுக்கு. பெண்களுக்கு 7 ஆயிரத்துக்கும் குறைவு. உயிரோடு இருக்கும்போது கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். அம்மா, மனைவி, அக்கா. அவர்கள் பெயர் எந்த வீட்டு மருந்துக் கணக்கிலும் ஏறுவதில்லை. இந்த வீட்டிலும் ஏறியிருக்கவில்லை.

பார்த்தபோது அக்காவின் ரத்த அழுத்தம் 160-க்கு 100. அவருக்கு இருந்த பதில், "மாவு விலை ஏத்தணும்னு கஸ்டமர்கிட்ட சண்டை. அதான் பிரஷர்." தம்பி சிரிக்கவில்லை. 2016-ல் தன் அழுத்தத்தைப் பார்த்தபோது இருந்த அந்த அமைதி அவருக்கு நினைவிருந்தது. நல்லவேளை, புரதம் கசியவில்லை. ஒரு மாத்திரையில் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. மாதம் 120 ரூபாய். அதைத் தன் காசில் வாங்குகிறார், அக்கா எவ்வளவு தடுத்தும். காலண்டர் அட்டையில் எல்லா மாதங்களுக்கும் மேலே 'அக்கா மாத்திரை' என்று ஒரு வரியை அவரே எழுதினார். அதற்கு நேரே தன் பெயரை மட்டும்.

2025 நவம்பரில் ஏழு வருஷம் முடிந்தது. அன்று இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போனார்கள். மருந்தளவு பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். அதனால் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கவுன்டரில் இருந்தவர், "பேஷன்ட் யார்?" என்று இந்தியில் கேட்டார். இவர் இரண்டு சீட்டையும் நீட்டினார், அக்காவுடையது மேலே இருக்கும்படி.

ரத்தம் கொடுத்துவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்தார்கள். அவர் மாத்திரையைப் பிரித்தார். அக்கா உள்ளங்கையைப் பிடித்து இழுத்து எண்ணிப் பார்த்தார். பிறகு தண்ணீரைத் தள்ளிவைத்தார். தம்பி விழுங்கினார், பழக்கத்தில் டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினார்.

இட்லி வந்தது. அக்கா ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார்.

"உளுந்து பத்தாதுலே" என்றார்.